பதற்றத்தோடு பிரஷர் பார்க்காதீங்க

பெரியார் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் இடிபட்டு வந்து, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்ததுமே கையை நீட்டினால் பிரஷர் கூடத்தான் காட்டும். பதற்றத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாய்களான தமனிகளில், சின்னவற்றின் சுவரில் உள்ள தசை இறுகும். குழாயின் ஆரம் 10 சதவீதம் சுருங்கினாலே ரத்தம் ஓடுவதற்கான தடை சுமார் ஒன்றரை மடங்காகிவிடும்.

மனசு அடங்கினால் அந்தத் தசை தளரும். 4 விநாடி மூச்சை இழுத்து, 6 விநாடி மெதுவாக விட்டுப் பாருங்க, 5 நிமிஷம். ஆனால் வருஷக்கணக்காகப் பிரஷர் இருப்பவர்களுக்குக் குழாய்ச் சுவரே தடித்து விறைத்திருக்கும். மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க.

வீட்டில் பார்க்கிறவங்க காபி, டீ, சிகரெட்டை அரைமணி முன்னாடியே விட்டுடுங்க. ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய 5 நிமிஷம் பேசாமல் உட்காருங்க. பிரஷர் கருவியின் பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாதீங்க. கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்கணும். தொங்கப்போட்டால் அளவு ஏறிவிடும். ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை. சராசரி 135/85-ஐத் தொடர்ந்து தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்க.

180/120-க்கு மேலே போய், நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ இருந்தால் உடனே 108.