கறுப்பு வெள்ளைப் படங்களும் நம்ம கருத்துகளும்

ஒருவர் போட்ட படத்துக்குக் கீழே "சூப்பர்" என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். எடுத்தவருக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது. மட்டக்களப்பில் 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தை ஒரு தம்பி கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தார். பாலத்தின் இரும்புச் சட்டங்களின் கோடுகள் அபாரம். ஆனால் நிறம் போனதும் இரும்பும் வானமும் ஒரே சாம்பலாகிவிட்டன. எடிட் பண்ணும்போது நீலத்தின் வெளிச்சத்தை மட்டும் இறக்கச் சொன்னேன். வானம் கறுக்கும், பாலம் தனியே தெரியும். பிலிம் காலத்தில் இதற்குத்தான் லென்ஸுக்கு முன்னால் சிவப்பு பில்டர் (நிறக் கண்ணாடி) போட்டார்கள். அதை விட்டுவிட்டு மொத்தக் கொன்ட்ராஸ்டையும் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை) ஏற்றினால், நிழலில் தோணியோடு நிற்பவரின் முகம் கரிதான். "சரியில்லை" என்று மட்டும் எழுதுகிறவர்கள், எந்த இடம், ஏன் என்றும் சேர்த்து எழுதுங்க. தம்பி, திருத்தினதையும் போடுங்க, பார்ப்போம்.