பதினொன்று ஐம்பத்தைந்து நாற்பத்தொன்பது

நவம்பர் 4, திங்கள்

வண்டியின் கண்ட்ரோல் யூனிட்டை டெஸ்ட் செய்யும் ராத்திரி ஓட்டம் மறுபடியும் ஃபெயில். நேற்று இரவு 8.10க்குத் தொடங்கியது, காலை 8.05க்கு விழுந்திருக்கிறது. ரிப்போர்ட் முழுக்கப் பச்சை, நடுவில் ஒரே ஒரு சிவப்பு வரி: சுழற்சி நேரம் மீறல். எவ்வளவு மீறியது என்று போடவில்லை. டெஸ்ட் ஸ்கிரிப்டை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

மனைவி போனை எடுக்கவில்லை. அத்தைதான் எடுத்தார். தூங்குகிறாளாம். இந்த நேரத்திலா?

நவம்பர் 5

லேப் ஆட்கள் ஏசியைக் கைகாட்டுகிறார்கள். காலை எட்டு மணிக்கு மொத்த மாடிக்கும் ஏசி போடுவார்களாம், அந்த நேரத்தில் கரண்ட் ஆடுமாம். டெஸ்ட் பெஞ்சுக்குத் தனி பவர் சப்ளை இருக்கிறது என்றால் யாரும் காதில் வாங்குவதில்லை. சரி என்று பவரை அணைத்துவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். வண்டியின் யூனிட்டுகள் பேசிக்கொள்ளும் கேன் பஸ்ஸுக்கு இரண்டு கம்பி, கேன் ஹை, கேன் லோ. அவற்றுக்கு நடுவே 60 ஓம். இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் இருந்தால் வரவேண்டிய அளவு அதுதான். லாகில் எரர் ஃபிரேம், அதாவது பஸ்ஸில் கோளாறு என்று சொல்லும் செய்தி, ஒன்றுகூட இல்லை. பஸ் சுத்தம்.

ஏசி கதை அப்படியும் சாகவில்லை.

நவம்பர் 6

லேபில் சிக்னல் கிடையாது. படிக்கட்டுத் திருப்பத்தில் மட்டும் இரண்டு கோடு வரும்.

நவம்பர் 7

இன்று முழுக்க டிரேஸ், அதாவது பஸ்ஸில் போன செய்திகளின் பதிவு. ஃபெயில் ஆன நொடிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்தேன். 100 மில்லி வினாடிக்கு ஒருமுறை வரவேண்டிய செய்தி, 90 முதல் 110 வரை போகலாம் என்று அனுமதி. 99.8, 100.1, 100.0 என்று வந்துகொண்டே இருக்கிறது. கண்ட்ரோல் யூனிட் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு என்று சொல்வது நம் ஸ்கிரிப்ட் மட்டும்.

பகல் ஒன்றரைக்கு, அதாவது அங்கே காலை ஒன்பதுக்கு, ஜெர்மனியோடு கால். டிரேஸைக் காட்டினேன். "ரிப்போர்ட்டில் சிவப்பு இருக்கிறதே" என்றார் அங்கிருந்தவர். அவர் சொல்வதும் நியாயம்தான், எனக்கென்னவோ கோபம் வந்தது. கால் முடியும் முன்பே படிக்கட்டுக்குப் போய்விட்டேன். மிஸ்டு கால் எதுவும் இல்லை.

நவம்பர் 8, வெள்ளி

புதிதாக வந்த பையனுக்கு, இந்த ஸ்கிரிப்டுகளை எழுதும் மொழியான கேப்பலைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் என் தலையில். கெட்டிக்காரன். சி மொழி தெரியும், அதனால் எல்லாம் தெரியும் என்று நினைக்கிறான். கேப்பல் பார்க்க சி மாதிரிதான். ஆனால் இதில் மெயின் ஃபங்ஷனைத் தேடி மேலிருந்து கீழே படிக்க முடியாது. செய்தி வந்தால் இது, டைமர் முடிந்தால் இது, விசையை அழுத்தினால் இது என்று தனித்தனி நிகழ்வுகளாகக் கிடக்கும். ஒரு நிகழ்வு முடியாமல் அடுத்தது நடக்காது. அவன் விசை நிகழ்வுக்குள் ஒரு வைல் லூப் போட்டுக் காத்திருந்தான், டெஸ்டை ஓட்டும் கேனோ மென்பொருள் மொத்தமும் நின்றது. காத்திருப்பது என்றால் டெஸ்ட் மாட்யூலுக்குள் டெஸ்ட்வெயிட்ஃபார் குடும்பத்து ஃபங்ஷன்களில்தான் காத்திருக்கவேண்டும், அதற்கென்றே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் செட்டைமர் ஏன் ஒரே தடவை அடித்து நின்றுவிடுகிறது என்று கேட்டான். அது அப்படித்தான். டைமர் நிகழ்வுக்குள்ளேயே திரும்பப் போடவேண்டும், இல்லையென்றால் செட்டைமர்சைக்ளிக். இன்னொன்று: மில்லி வினாடிகளை இன்ட்டில் எண்ணிக்கொண்டிருந்தான். கேப்பலில் இன்ட் என்கிற முழு எண் 16 பிட், 32,767க்கு மேல் தாங்காது. முப்பத்திரண்டே முக்கால் வினாடியில் அவன் எண்ணிக்கை மைனஸுக்குப் போய்விட்டது. சிரித்தான். நானும் சிரித்தேன், ரொம்ப நாளைக்கு அப்புறம்.

சாயங்காலம் அவளோடு பேசினேன். கால் வீக்கமாம். டாக்டர் "பார்க்கலாம்" என்றாராம். பார்க்கலாம் என்றால்? எதைப் பார்க்கலாம்? எப்போது? அத்தையிடம் கேட்டால் "நீங்க வேலையைப் பாருங்க மாப்பிள்ளை, நாங்க இருக்கோம்ல" என்கிறார். கண்ட்ரோல் யூனிட்டிடம் எதையாவது கேட்டால் உடனே பதில் இல்லாதபோது 7எஃப் போட்டு 78 என்று அனுப்பும்: கேள்வி கிடைத்தது, பதில் வரும், பொறு. வழக்கமாக 50 மில்லி வினாடிக்குள் வரவேண்டிய பதிலுக்கு அதன் பிறகு 5 வினாடி வரை பொறுப்போம். அதற்கும் ஒரு எல்லை எழுதி வைத்திருக்கிறார்கள். டாக்டரின் "பார்க்கலாம்"க்கு எல்லையே கிடையாது.

நவம்பர் 11

நேற்று வேண்டுமென்றே 9.30க்குத்தான் ஓட்டத்தைத் தொடங்கினேன். இன்று காலை எட்டு மணிக்கு ஏசி போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. 9.25க்கு விழுந்தது.

ஏசி மேல் தப்பில்லை. பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து ஒவ்வொன்றிலும் தொடக்க நேரத்தைக் கழித்தேன். எல்லாவற்றிலும் ஒரே விடை, 11 மணி 55 நிமிடம் 49 வினாடி. இந்த எண் எங்கிருந்து வருகிறது?

நவம்பர் 12

மழை. ஓஎம்ஆரில் வண்டி நகரவில்லை. 11.55.49.

நவம்பர் 13

சிவப்பு வரிக்குப் பக்கத்தில் அளவையும் அச்சிடச் சொல்லி ஒரு ரைட் வரி சேர்த்திருந்தேன். காலையில் வந்து பார்த்தால் இரண்டு செய்திக்கு நடுவே ஆன நேரம் மைனஸ் 42949.573 வினாடி! பின்னால் நின்று எட்டிப்பார்த்த பையன் கேட்டான், "அண்ணா, அந்த இன்ட் மாதிரியா இதுவும்?"

அதேதான். ஸ்கிரிப்ட் நேரம் கேட்கும் டைம்நவ் ஃபங்ஷன் வினாடியைத் தருவதில்லை, 10 மைக்ரோ வினாடிகளின் எண்ணிக்கையைத் தருகிறது. அது வந்து உட்காருவது டிவேர்ட், மைனஸ் குறி இல்லாத 32 பிட் எண். 4,294,967,295 வரை ஏறும், அடுத்தது பூஜ்யம். ஒரு லட்சத்தால் வகுத்தால் 42,949.67 வினாடி. மணியாக்கினால் அதே 11.55.49.

கடுப்பு என்னவென்றால், கழித்தலை டிவேர்டிலேயே செய்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. பூஜ்யத்தைத் தாண்டிய புது எண்ணிலிருந்து பழைய பெரிய எண்ணைக் கழித்தாலும் குறியில்லாத கணக்கில் சரியான வித்தியாசமே மிஞ்சும். எழுதியவர் முதலில் இரண்டையும் வினாடியாக்கி, டபுளில், அதாவது மைனஸும் வரக்கூடிய தசம எண்ணில் போட்டு, பிறகு கழித்திருக்கிறார். வினாடியாக இருந்தால் படிக்க அழகாக இருக்குமே என்று நினைத்திருப்பார். இத்தனைக்கும் சுழற்சி நேரத்தைக் கண்காணிக்க செக் ஸ்டார்ட் என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் தயாராகவே இருக்கின்றன. செய்தியையும் கீழ் எல்லை, மேல் எல்லையையும் கொடுத்தால் போதும். இருப்பதை விட்டுவிட்டு சொந்தமாக ஒன்று கட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

அவளிடம் சொன்னேன். "மைனஸ் பன்னிரண்டு மணி நேரமா, அப்ப நேத்திக்குப் போயிடலாமே" என்றாள். குரல் பரவாயில்லை.

நவம்பர் 14

கண்டுபிடித்ததை நிரூபிக்க இன்னொரு பன்னிரண்டு மணி நேரம் உட்கார முடியாது. டைம்நவ்வைச் சுற்றி ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, வருகிற எண்ணோடு 4,288,967,295ஐக் கூட்டினேன். இப்போது சரியாக ஒரு நிமிடத்தில் எண் பூஜ்யமாகிறது. ஓட்டினேன். 60ஆவது வினாடியில் சிவப்பு. மறுபடி ஓட்டினேன், மறுபடி சிவப்பு. இவ்வளவு சந்தோஷமாக ஒரு ஃபெயிலைப் பார்த்ததில்லை.

கண்காணிப்பை உள்ளே இருக்கும் ஃபங்ஷனுக்கே மாற்றினேன். நேரம் வேண்டிய மற்ற இடங்களில் நானோ வினாடியில் தரும் டைம்நவ்என்எஸ்.

நவம்பர் 15

ஜெர்மனிக்கு அனுப்பினேன். "நன்றி" என்று ஒரு வரி வந்தது.

அந்த ஸ்கிரிப்டையே முழுதாகப் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தால் அதைவிட மோசமானது ஒன்று கிடைத்தது. டெஸ்ட்வெயிட்ஃபார்மெசேஜ் செய்தி வந்தால் 1 தரும், நேரம் கடந்துவிட்டால் 0, வேறு கோளாறு என்றால் மைனஸ் எண். இங்கே வெறும் இஃப் போட்டு விட்டிருக்கிறார். மைனஸ் 1 பூஜ்யம் இல்லையே, ஆகவே அது உண்மை, ஆகவே பாஸ். எத்தனை மாதமாக எத்தனை பச்சை வரிகள் இப்படி வந்தனவோ. தவறான சிவப்பு என்னைப் பத்து நாள் அலையவிட்டது, அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. தவறான பச்சை வண்டியோடு ரோட்டுக்குப் போகும். மேனேஜரிடம் சொன்னேன். "ரிலீசுக்கு அப்புறம் பார்க்கலாமே" என்றார்.

இவரும் பார்க்கலாம்.

நவம்பர் 16

பார்க்க முடியாது என்று மெயில் போட்டேன். எல்லா இஃபையும் ஒன்றுக்குச் சமமா என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை, லேபில் யாரும் இல்லை. மணிக்கு ஒருதரம் படிக்கட்டு.

நவம்பர் 18

மாற்றியதில் மூன்று பச்சை சிவப்பாகிவிட்டது. மேனேஜர் பேசவில்லை.

மாமா பேசினார். அவர் போன் பண்ணவே மாட்டார். "சும்மாத்தான்" என்றார். சும்மா பேசுகிற ஆளா அவர்?

மாலை 6.30க்கு ஓட்டத்தைப் போட்டேன். இன்று வீட்டுக்குப் போகவில்லை.

நவம்பர் 19

6.25.49 தாண்டிவிட்டது. பச்சை. பையனை எழுப்பிக் காட்டினேன்.

7.10. படிக்கட்டு. அத்தை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். திருப்பி அடித்தால் எடுக்கவில்லை. பல்லவன் ரயில் மதியத்துக்கு மேல்தான், அதுவரை முடியாது. கிளாம்பாக்கம் போய் எந்த பஸ் கிடைத்தாலும் ஏறுகிறேன். மூன்று சிவப்புக்கும் லாக் ஃபோல்டரிலேயே இருக்கிறது, மேனேஜர் கேட்டால் பையன் காட்டுவான். கேஎல் 15ஐ, அதாவது சாவி போட்டால் வரும் கரண்டை, அணைத்த உடனே கேபிளைக் கழற்றவேண்டாம் என்று அவனிடம் சொல்ல