கல்லில் ஓர் ‘அ’: கிம்ப்பில் மூன்று முயற்சிகள்

கரடுமுரடான கருங்கல், அதில் உளியால் செதுக்கியதுபோல் ஓர் ‘அ’. இதைத் திரையில் கொண்டுவர மூன்று வார இறுதிகள் கரைந்தன. புகைப்படம் எதையும் ஒட்டக்கூடாது, கல் முழுவதும் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளுக்குள்ளேயே பிறக்க வேண்டும் என்று நானே நிபந்தனை போட்டுக்கொண்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

முதல் முறை, சாம்பல் நிறத்தின் மேல், பிக்சல்களின் நிறத்தைத் தாறுமாறாக மாற்றி இரைச்சல் உண்டாக்கும் ‘ஆர்ஜிபி நாய்ஸ்’ ஃபில்டரைத் தூவினேன். கல் வரவில்லை, அலைவரிசை கிடைக்காத பழைய தொலைக்காட்சிதான் வந்தது. அந்த இரைச்சலில் எந்தப் பிக்சலுக்கும் பக்கத்துப் பிக்சலோடு உறவே இல்லை. கல்லில் மேடு மெல்ல இறங்கித்தான் பள்ளமாகிறது. அப்படி வழுக்கிச் செல்லும் இரைச்சலைக் கணினி வரைகலை ஆய்வாளர் கென் பெர்லின் 1985-லேயே எழுதி வைத்திருக்கிறார். கிம்ப்பில் அந்த வகைக்கு ‘சாலிட் நாய்ஸ்’ இருக்கிறது. அதைப் போட்டதும் சாம்பல் மேகங்கள் கிடைத்தன.

மேகத்தைக் கல்லாக்கியது ‘பம்ப் மேப்’. வெள்ளையை மேடாகவும் கறுப்பைப் பள்ளமாகவும் எடுத்துக்கொண்டு, ஒளி எங்கே விழும் என்று கணக்கிடும் ஃபில்டர் அது. பரப்பை நகர்த்தவே வேண்டாம், ஒளிக்கணக்கை மாற்றினாலே கண் ஏமாந்துவிடும் என்று இன்னொரு வரைகலை ஆய்வாளர் ஜேம்ஸ் பிளின் 1978-ல் காட்டியது இன்றும் செல்லுபடியாகிறது. ‘காம்பென்சேட்’ பெட்டியில் டிக் போட மறந்தால் சமதளங்களெல்லாம் இருண்டுவிடும். நான் மறந்தேன்.

என்னை உண்மையிலேயே படுத்தியது வேறு. பெரிய மேடுகளில் நிலவரைபட உயரக்கோடுகளைப்போல் வரிவரியாகப் படிகள் தெரிந்தன. மங்கலாக்கும் ஃபில்டரைப் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. பிறகுதான் உறைத்தது: 8 பிட் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளைவரை 256 படிகள்தான். 1000 பிக்சல் நீளச் சரிவில் 100 படிகள் இருந்தால் ஒவ்வொரு படியும் 10 பிக்சல் அகலம். வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்த விளிம்புகளைப் பம்ப் மேப் தேடிப் பிடித்து வெளிச்சம் போடுகிறது. படத்தை, நிறத்தை மிக நுண்ணிய படிகளில் சேமிக்கும் 32 பிட் ஃப்ளோட்டுக்கு மாற்றினேன். அப்படியும் படிகள் அசையவில்லை. அசையாதுதான், அவை ஏற்கெனவே படத்தில் பதிந்துவிட்டன. மாற்றிய பிறகு இரைச்சலைப் புதிதாக உருவாக்கியதும் பெரும்பாலும் மறைந்தன. மிச்சத்தை, மேலே தூவிய நுண்ணிரைச்சல் விழுங்கிவிட்டது. தூக்கி எறிந்த ஆர்ஜிபி நாய்ஸுக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது.

எழுத்து எளிதாகத்தான் வந்தது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு ‘அ’, ஓரங்களில் 4 பிக்சல் காஸியன் மங்கல். மங்கல் இல்லாவிட்டால் சரிவே இருக்காது, மெல்லிய கோடு மட்டும் விழும். ஆனால் ஆர்வக்கோளாறில் ஒளித்திசையான ‘அசிமத்’தை 135-லிருந்து (மேல் இடப்பக்கம்) 315 பாகைக்கு (கீழ் வலப்பக்கம்) திருப்பினேன். குழிந்திருந்த ‘அ’ சட்டென்று புடைத்து வெளியே வந்துவிட்டது! ஒளி மேலிருந்துதான் வரும் என்று மூளை முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1988-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நான் படித்தும் இருக்கிறேன், இருந்தும் பத்து நிமிடம் லேயர்களைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

135-க்கே திரும்பிவிட்டேன். இப்போது ‘அ’வின் அடித்தளம் மட்டும் தேய்த்துக் கழுவியதுபோல் வழவழவென்று இருக்கிறது. உளி பட்ட இடம் அப்படி இருக்காது. அடுத்த வாரம் சிறு பிரஷ்ஷால், மேடுபள்ளத்தைச் சொல்லும் அந்தக் கறுப்பு வெள்ளை உயரப்படத்திலேயே கொத்துத் தடங்களை ஒவ்வொன்றாக வைக்கப் போகிறேன்.