பிங்கி ஏன் ஒதுங்கிப் போனது?

கல்லூரியில் ஓவர்ஃப்ளோவுக்கு (ஒதுக்கிய இடத்தில் எண் அடங்காமல் வழிவது) வரையறை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அது என்னவென்று உண்மையில் புரிந்தது போன வருடம், பைத்தான் என்ற நிரல்மொழியில் பேக்-மேன் எழுத உட்கார்ந்தபோதுதான். நான்கு பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும் வீடியோ கேம் அது.

சின்ன வயதில் கேசட்டை ஊதி ஊதிச் செருகி ஆடியபோது, நான்கு பேய்களும் கூடிப் பேசித்தான் என்னை வளைக்கின்றன என்று நம்பினேன். 1980-இல் நாம்கோ வெளியிட்ட ஆர்கேட் விளையாட்டின் நிரலைப் பிரித்துப் பார்த்தவர்கள் எழுதியதைப் படித்தால், சதியெல்லாம் ஒன்றுமில்லை. ஆளுக்கொரு விதி. பிளிங்கி நாம் நிற்கும் கட்டத்துக்கே குறிவைக்கும். ரோஸ் நிறப் பேயான பிங்கி, நாம் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால். க்ளைடு தூரத்தில் இருந்தால் துரத்தும்; எட்டுக் கட்டத்துக்குள் வந்துவிட்டால் தன் மூலைக்கே திரும்பிவிடும், எங்கள் தெரு நாய் மாதிரி. இங்கி மட்டும் பிளிங்கி இருக்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். சந்திப்பு வந்தால், குறிக்கு எந்தப் பக்கம் நேர்தூரம் குறைவோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

சரி, எழுதிவிட்டேன். ஓடியது. ஆனால் நான் மேல்நோக்கிப் போகும்போது மட்டும் என் பிங்கி அசல் பிங்கி மாதிரி நடக்கவில்லை. அசலில் அது நான்கு கட்டம் மேலே மட்டுமல்ல, நான்கு கட்டம் இடப்பக்கமும் தள்ளிக் குறிவைக்கிறது.

காரணத்தைத் தேடிப் போனால், அது அசலிலேயே இருந்த பிழை. 'மேலே' என்பது -1. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும்; 0-க்குக் கீழே போனால் மறுகோடிக்குச் சுற்றிவிடும், அதனால் அங்கே அது 255. நான்கால் பெருக்கினால் 1020, அதாவது மூன்று 256-உம் ஒரு 252-உம். பைட்டில் 252 தங்கும், அதாவது -4. அதுவரை சரி. மிச்சமுள்ள 3 எங்கே போகும்? மேல்-கீழ், இடம்-வலம் என்ற இரண்டு அச்சுகளின் பைட்டுகளையும் ஒட்டிவைத்து ஒரே 16 பிட் எண்ணாகப் பெருக்கியதால், பக்கத்து அச்சில் போய் விழுகிறது. பேக்-மேன் நிற்கும் இடத்தோடு கூட்டும்போது இன்னொரு 1 வழிகிறது. மொத்தம் நான்கு; இடப்பக்கம் தள்ளிய அந்த நான்கு கட்டம். தாளில் இதைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பைத்தானில் எண்கள் இப்படி வழியாது. அதனால் அந்தப் பிழையை நானே ஒரு இஃப் (நிபந்தனை வரி) போட்டு எழுத வேண்டியிருந்தது. அப்புறம் அண்ணன் மகனிடம் ஆடக் கொடுத்தேன்.

"சித்தப்பா, இந்த ரோஸ் பேய்க்குக் கண்ணு தெரியாதா?"

இரண்டு மாதம் கழித்து நிரலைத் திறந்தபோது, இது என்ன முட்டாள்தனம் என்று அந்த வரியை அழித்துவிட்டேன். அசலின் பிழைக்காக நானே எழுதியது என்று நினைவு வந்து திரும்பப் போட்டதும், பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதினேன்: 'பிழைதான். தொடாதே.'