ஏழாயிரத்தில் இரண்டு

ஜூன் 3
நாளை மறுநாள் பயிலரங்கு: சிகிச்சை பற்றி முடிவெடுக்க ஆய்வுச் சான்றைப் பயன்படுத்துவது எப்படி என்று. வருபவர்கள் 22 பேர், பெரும்பாலும் செவிலியர்கள், கொஞ்சம் களப்பணியாளர்கள். தயாரித்த 40 ஸ்லைடுகளில் 31ஐ இன்று நீக்கிவிட்டேன். ஆய்வுச் சான்று என்றால் என்ன என்று நானே விளக்கிக்கொண்டிருந்தால், அவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பது எப்போது?

ஜூன் 5
அண்மையில் முடிவெடுக்கத் தடுமாறிய ஒரு விஷயத்தை ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொன்னேன். அப்புறம் அதைக் கேள்வியாக்கினோம்: யாருக்கு, என்ன செய்தால், எதோடு ஒப்பிட்டால், என்ன பலன்? "காயத்துக்கு எந்தக் கட்டு நல்லது?" என்று தொடங்கிய ஒருவர் நான்கு முறை திருத்தினார். "இப்பதான் தேடலாம்போல இருக்கு" என்றார்.

ஜூன் 6
இன்று எண்கள். 1995இல் பிரிட்டனில் ஓர் எச்சரிக்கை வந்தது: அப்போது புதிதாக இருந்த மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால், பழையவற்றைவிட இரத்தக்கட்டு (இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைவது) ஆபத்து இரு மடங்கு. பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். வேண்டாத கர்ப்பங்களும் கருக்கலைப்புகளும் கூடின.

முதலில் "இரு மடங்கு" என்பதை மட்டும் சொல்லி, யாரெல்லாம் நிறுத்தச் சொல்வீர்கள் என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் கை தூக்கினார்கள். பிறகு தாளுக்கு நூறு புள்ளியாக 70 தாள்களைச் சுவரில் ஒட்டினோம். பழைய மாத்திரைக்கு 7000த்தில் ஒரு புள்ளி சிவப்பு. புதியதற்கு இரண்டு. அந்த இரண்டைக் கண்டுபிடிக்கவே சுவரருகே போக வேண்டியிருந்தது. "இதை ஏன் இப்படியே சொல்லல?" என்று ஒரு களப்பணியாளர் கோபப்பட்டார். நியாயமான கோபம்.

இன்னொருவர் கேட்டார்: "அந்த ரெண்டாவது புள்ளி என் மகளா இருந்தா?" அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. கர்ப்பத்திலும் இரத்தக்கட்டு வரும், மாத்திரையால் வருவதைவிட அதிகமாகவே. அந்தப் புள்ளிகளையும் பக்கத்தில் வைத்து அந்தப் பெண்ணிடமே பேச வேண்டும் என்ற இடத்துக்கு அவர்களே வந்தார்கள். மதிய இடைவேளையைத் தள்ளிப்போட்டேன்.

ஜூன் 7
"முப்பது வருஷ அனுபவம் போதாதா?" என்றார் மூத்த செவிலியர். நான் வாதாடவில்லை, குழந்தைகளை எப்படிப் படுக்கவைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டேன். குப்புற, என்றார். அதனால் திடீர் மரண ஆபத்து கூடுகிறது. சிதறிக் கிடந்த ஆய்வுகளை 1970 வாக்கிலேயே சேர்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று 2005இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. "நான் பார்த்த குழந்தைங்க எல்லாம் நல்லாத்தானே இருந்தாங்க" என்று மெதுவாகச் சொன்னார். அதுதான் விஷயம்: அவ்வளவு அரிதாக நடப்பது ஒருவர் கண்ணில் படாது. அதை வகுப்புக்கு விளக்கியது அவர்தான்.

ஜூலை 12
காயக்கட்டு பற்றிக் கேட்டவர் தொலைபேசியில் அழைத்தார். கிடைத்தவை சின்ன ஆய்வுகள், தெளிவான வித்தியாசம் இல்லை, நோயாளிக்கு வலி குறைவானதையே தொடர்கிறார்களாம். "உறுதியாத் தெரியலன்னு கூட்டத்துல சொன்னேன், யாரும் சிரிக்கல" என்றார். அடுத்த கேள்வியை அவரோடு பணிபுரிபவர்கள் எழுதிவிட்டார்களாம்.