மூன்று ஆண்டு வரம்பும் என் தம்பியின் வழக்கும்

2016 ஜனவரியில், கீழக்கரையில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் தளத்தில் சென்ட்ரிங் வேலை பார்த்த என் தம்பி, சாரம் சரிந்ததில் கீழே விழுந்து இறந்தான். சவுக்குக் கம்புகளைப் பிணைத்திருந்த கட்டுக்கம்பி உப்புக்காற்றில் துருவேறி, விரலால் மடக்கினாலே ஒடிந்தது. அன்று மாலையே ஐந்தாறு துண்டுகளைச் செய்தித்தாளில் பொதிந்து எடுத்து வைத்தேன். மறுநாள் உடலை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் சாரம் முழுவதையும் பிரித்துவிட்டார்கள்.

காவல் நிலையத்தில் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவின்கீழ், தவறி விழுந்த மரணம் என்றே பதிந்திருந்தார்கள். அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கான, அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304(ஏ) பிரிவுக்கு வழக்கை மாற்றக் கோரி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சல் அனுப்பி எட்டு மாதம் காத்திருந்தோம். கம்பித் துண்டுகளையும் அப்போதுதான் கைப்பற்றினார்கள். இதற்கிடையில் ஒப்பந்ததாரரின் ஆள் பணத்தோடு வந்து, புகாரைத் திரும்பப் பெறச் சொன்னார். 304(ஏ) சமரசமாகத் தீர்க்கக்கூடிய குற்றம் அல்ல என்பதும், இழப்பீடு தனியாகக் கேட்டுப் பெற வேண்டிய உரிமை என்பதும் அன்று எங்களுக்குத் தெரியாவிட்டாலும், அம்மா அந்தப் பணத்தைத் தொட மறுத்துவிட்டார்.

பிறகு குற்றப்பத்திரிகை நின்றது. தொழிலகப் பாதுகாப்புத் துறையின் அறிக்கை வரவில்லை என்றது காவல் நிலையம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி இரண்டு அலுவலகங்களுக்கும் தகவல் உரிமை மனு போட்ட பிறகுதான், அறிக்கை கேட்டு ஒரு கடிதம்கூடப் போகவில்லை என்று தெரிந்தது. வக்கீல் அதைப் படித்துவிட்டுச் சொன்னது என்னை உலுக்கியது: இரண்டு ஆண்டு வரை மட்டுமே தண்டனையுள்ள இந்தக் குற்றத்தை மூன்று ஆண்டுக்குள் நீதிமன்றத்தின் முன் கொண்டுவராவிட்டால், நடைமுறைச் சட்டத்தின் 468-ஆவது பிரிவின்படி வழக்கே காலாவதியாகலாம். 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் துறை புகார் தொடுப்பதற்கான மூன்று மாத வரம்போ எப்போதோ கடந்திருந்தது. தாமதம் என்றால் அலைச்சல் என்று மட்டும் எண்ணியிருந்த எனக்கு, அது குற்றவாளியைத் தப்பவிடும் வழி என்பது அன்றுதான் புரிந்தது.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகி, மூன்று மாதத்தில் இறுதி அறிக்கை தாக்கல் செய்ய உத்தரவு பெற்றோம். 2018 அக்டோபரில் குற்றப்பத்திரிகை வந்தபோது, அதில் மேஸ்திரியின் பெயர் மட்டுமே இருந்தது. புதுக் கட்டுக்கம்பி கேட்டு இருமுறை ஒப்பந்ததாரரிடம் போனதாக எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன அதே மேஸ்திரி. சாட்சியம் பதிவான பின் அதே நடைமுறைச் சட்டத்தின் 319-ஆவது பிரிவின்கீழ் ஒப்பந்ததாரரையும் சேர்க்கக் கேட்கலாம் என்கிறார் வக்கீல். வாய்தா தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. நான் இன்னும் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை.