குருத்தோலைப் பெட்டி

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் உபவாசக் காலமாகிய லெந்து காலத்திற்கான ஆயத்தம் எங்கள் சபையில் ஓர் அட்டைப்பெட்டியோடு தொடங்கும். ஜனவரி 6 அன்று வரும் எபிபனி திருநாள் கடந்த மறு ஞாயிறு, ஆலயத்தின் முன்கூடத்தில் அந்தப் பெட்டியை வைத்து, சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று பெற்ற ஓலைகளை அதில் சேர்க்கும்படி ஒரு தாளில் எழுதி ஒட்டுவது அலுவலகப் பொறுப்பாளராகிய என் வேலை. அதன்பின் வரும் ஞாயிறுகளில் மக்கள், ஓராண்டுக் காலம் சிலுவைக்குப் பின்னாலும் வேதப்புத்தகத்தின் தாள்களுக்கு நடுவிலும் காரின் முன்கண்ணாடி ஓரத்திலும் வைத்திருந்த ஓலைகளைக் கொண்டுவந்து போடுவார்கள். வைக்கோல் நிறமாகி, தொட்டால் ஒடியும் பதத்துக்கு வந்துவிட்ட அவற்றுள் சில, பிள்ளைகள் தங்கள் கையாலேயே சிலுவையாக முடைந்தவை. அவற்றை எரித்துக் கிடைப்பதுதான் லெந்தின் முதல் நாளாகிய சாம்பல் புதனன்று எங்கள் நெற்றியில் இடப்படும் சாம்பல்.

நியூ ஜெர்சி மாநிலத்தில், எபிஸ்கோப்பல் திருச்சபையைச் சேர்ந்த நடுத்தர அளவுள்ள ஒரு சபையில் 2017-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். நெல்லைச் சீமையில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்த எனக்கு, அதே ஆங்கிலிக்க மரபிலிருந்து கிளைத்த இந்த ஆராதனை ஒழுங்கு அந்நியமாகத் தோன்றவில்லை. பாவ அறிக்கை எந்த இடத்தில் வரும், எப்போது முழங்கால்படியிட வேண்டும் என்பதெல்லாம் உடம்புக்கே தெரிந்திருந்தது. ஆனால் எங்கள் ஊர் ஆலயத்தில் சாம்பல் புதனன்று உபவாசித்தோம், ஜெபித்தோம். நெற்றியில் சாம்பல் இட்டுக்கொண்டதில்லை. அமெரிக்காவில் அது தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்றே எண்ணியிருந்தேன். இங்குள்ள எபிஸ்கோப்பல் சபைகளின் ஜெபப் புத்தகத்தில் சாம்பலிடும் சடங்கு 1979-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இடம்பெற்றது என்பதையும், அதிலும்கூட அது கட்டாயமாக்கப்படவில்லை என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

முதல் ஆண்டு, அந்தச் சாம்பலைத் தயாரிக்கும் பொறுப்பை நானே விரும்பி ஏற்றுக்கொண்டேன். ஆலயத்தின் பின்முற்றத்தில் பழைய தகரக் குவளை ஒன்றில் ஓலைகளை எரித்தபோது, ஒரு பெட்டி நிறைய இருந்தவை இரண்டு மூன்று கரண்டிச் சாம்பலாகச் சுருங்கியதைக் கண்டு இது போதுமா என்று திகைத்தேன். போதும், ஒரு விரல்நுனிக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். நாரும் நரம்பும் நீங்கும்வரை மெல்லிய சல்லடையில் இரண்டு முறை சலித்து, பசையாக்குவதற்காகத் தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்தேன். பீடத்தின் துணிகளையும் பாத்திரங்களையும் பராமரிக்கும் ஆல்டர் கில்டின் மூத்த உறுப்பினர் ஒருவர் அப்போது உள்ளே வந்தார். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, சாம்பலில் உள்ள காரம் தண்ணீரில் கரைந்தால் தோலைப் புண்ணாக்கிவிடும் என்றும், ஒன்றும் கலக்காமல் உலர்ந்தபடியே வைக்கலாம் அல்லது ஓரிரு துளி ஒலிவ எண்ணெய் சேர்க்கலாம் என்றும் சொன்னார். அடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கிய என் அம்மாவின் விரல்நுனிகள் எப்போதும் வெடித்தே இருந்ததற்குக் காரணம் நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த அறையில் எனக்குப் புரிந்தது. சபைகுருவின் கட்டைவிரலைச் சுத்தம் செய்ய எலுமிச்சைப் பழத்தை இரண்டாக அரிந்து ஒரு தட்டில் ரொட்டித் துண்டுடன் வைக்க வேண்டும் என்பதையும் அவரே எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

லெந்து காலத்துக்கான அலுவலக வேலையின் பெரும்பகுதி, இருப்பதை எடுத்துவிடுவதே. பீடத்தில் மலர்கள் இருக்காது. பச்சைத் துணி இறங்கி ஊதா ஏறும். ஆராதனையின் தொடக்கத்தில் பாடப்படும் குளோரியா என்ற புகழ்ச்சிப் பாட்டு நின்றுவிடும். ஈஸ்டர் வரைக்கும் அல்லேலூயா என்ற சொல்லே ஒலிக்காது. நற்கருணையில் அப்பம் பிட்கப்படும்போது சொல்லும் வாக்கியத்தில் அந்தச் சொல் ஜெபப் புத்தகத்திலேயே அடைப்புக்குறிக்குள் அச்சிடப்பட்டிருக்கிறது. லெந்து காலத்தில் விட்டுவிட வேண்டும் என்ற குறிப்பும் உண்டு. சாம்பல் புதனுக்கும் ஈஸ்டருக்கும் இடையே 46 நாட்கள் இருந்தும் நாம் 40 என்று எண்ணுவதற்குக் காரணம், ஞாயிறுகள் உயிர்த்தெழுதலின் நாட்களாகையால் உபவாசக் கணக்கில் சேராதவை என்பதே. அந்த ஆறு ஞாயிறுகளுக்கும் ஆராதனைத் தாள்களை முன்கூட்டியே தயாரிப்பது என் பொறுப்பு. சேர்ப்பது எளிது, ஒரு சொல்லை எடுக்க வேண்டுமானால் அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு பதிலுரையிலும் தேட வேண்டும்.

2018-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 14 அன்று வந்தது. முந்தின மாலை, முட்டையும் வெண்ணெயும் உபவாசத்துக்கு முன் தீர வேண்டும் என்ற பழைய வழக்கத்தின்படி, சபை மண்டபத்தில் பான்கேக் விருந்து நடந்தது. மறுநாள் நண்பகல் ஆராதனைக்கு வேலைக்குச் செல்பவர்கள் பலர் வந்து, சாம்பலிட்டுக்கொண்டு அமைதியாகத் திரும்பிப் போனார்கள். பிற்பகலில் புளோரிடாவின் பார்க்லாண்டில் ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு என்ற செய்தி வந்தது. பதினேழு பேர் இறந்ததாக மாலைக்குள் தெரிந்துவிட்டது. பள்ளிக்கு வெளியே கதறி நின்ற ஒரு பெண்ணின் நெற்றியில், அன்று காலையில் இடப்பட்டிருக்க வேண்டிய சாம்பல் சிலுவை பளிச்சென்று தெரிந்த புகைப்படத்தை, இரவு ஆராதனைக்கு வந்தவர்களில் பலர் தங்கள் கைப்பேசியில் பார்த்துவிட்டே வந்திருந்தார்கள். அன்றைய ஒழுங்கில் உள்ள மனந்திரும்புதலின் லித்தானியா என்ற மன்றாட்டில், பிறருடைய துன்பத்தைக் காணாத குருட்டுத்தனத்துக்காகவும், நமக்குப் பின் வருகிறவர்களைக் குறித்து அக்கறையற்றிருந்ததற்காகவும் மன்னிப்புக் கேட்கும் வரிகள் உண்டு. நான்தான் அவற்றைத் தட்டச்சு செய்து, எழுத்துப் பிழை பார்த்து, நகலெடுத்து மடித்திருந்தேன். அப்போதெல்லாம் அவை வெறும் வரிகளாகவே இருந்தன. இரவில் அந்த வரிக்கு வந்தபோது ஆலயத்தில் பலருடைய குரல் எழவில்லை. அதற்குச் சற்று முன், சாம்பலிட்டுக்கொள்ள ஒவ்வொருவராக முன்சென்று நின்றபோது, "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்ற சொல்லைச் சபைகுரு ஒரு சிறு பிள்ளையின் முன்னால் சொல்லத் தயங்கியதையும் பிறகு சொன்னதையும் நான் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன்.

அந்த வாரக் களைப்பில்தான் என் தவறு நேர்ந்தது. லெந்து காலத்தின் முதல் ஞாயிறான பிப்ரவரி 18 அன்றைய ஆராதனைத் தாளில், பெரிய லித்தானியாவைச் சரியாகச் சேர்த்திருந்தேன். 1544-இல் கேன்டர்பரி பேராயர் கிரான்மர் அமைத்தளித்த அந்த நீண்ட வேண்டுதலை எங்கள் சபையில் அன்று பவனியாகச் சுற்றிவந்து பாடுவார்கள். அதன் பக்கங்களை ஒழுங்காக்குவதிலேயே என் கவனம் முழுவதும் சென்றுவிட்டது. அப்பம் பிட்கும் இடத்தில் முந்தைய வாரத் தாளில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். "அல்லேலூயா" என்று தாளில் இருந்தது. சபையார் அதைச் சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகு ஒரு கணம் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆராதனை முடிந்ததும் எவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர், பல ஆண்டுகள் ஆல்டர் கில்டில் பணியாற்றிவிட்டு இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் வீட்டைவிட்டு வெளியேற இயலாமற்போன மூதாட்டி. ஆலயத்துக்கு வர முடியாதவர்களுக்கு வாரந்தோறும் பெரிய எழுத்தில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பும் தாள்களில் ஒன்று அவருக்கும் போகும் என்பது எனக்குத் தெரியும். அது என்ன ஆகிறது என்று நான் யோசித்ததே இல்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு, நாங்கள் தொடங்கும் அதே நேரத்தில், மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து அதை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டு வாசிக்கிறாராம். "அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். நீங்கள் எல்லோரும் அதைச் சொன்னீர்களா?" என்று கேட்டார். என் பிழைதான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவருடைய குரலில் கடிந்துகொள்ளுதல் சிறிதும் இல்லை. சபை சொல்லும்போது தான் சொல்லாமல் இருந்துவிட்டோமோ, அதனால் தன் வாசிப்பு சபையின் ஆராதனையிலிருந்து விலகிப்போயிற்றோ என்பதே அவருடைய கவலை.

அதே வாரத்தில் என் மேசைமேல் ஆண்டறிக்கைப் படிவம் கிடந்தது. எபிஸ்கோப்பல் சபைகள் ஒவ்வொன்றும் தன் உறுப்பினர் எண்ணிக்கை, ஞாயிறு வருகையின் சராசரி, வரவு செலவு ஆகியவற்றை நிரப்பி, நிர்வாகக் குழுவாகிய வெஸ்ட்ரியின் ஒப்புதலுடன் மார்ச் 1-க்குள் மறைமாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் சாம்பல் புதனும் இந்தக் கெடுவும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வரும். அந்தப் படிவத்தை நான் குறை சொல்லவில்லை. எண்ணிப் பார்க்காத சபை தன் நிலையை அறியாது. ஆயினும் அந்த மூதாட்டி உறுப்பினர் எண்ணிக்கையில் ஒருவராக இருந்தாரே தவிர, வருகைச் சராசரியில் அவர் இல்லை. பத்து மணிக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய ஞாயிறுகள் அத்தனையும் அந்தக் கட்டத்தில் வெறுமையாகவே இருந்தன. சாம்பல் புதனன்று வாசிக்கப்பட்ட சுவிசேஷம் எனக்கு நினைவு வந்தது: "நீயோ உபவாசிக்கும்போது, அந்த உபவாசம் மனுஷர்களுக்குக் காணப்படாமல், அந்தரங்கத்திலிருக்கிற உன் பிதாவுக்கே காணும்படியாக, உன் தலைக்கு எண்ணெய் பூசி, உன் முகத்தைக் கழுவு." நெற்றியில் சாம்பலோடு தெருவில் இறங்கும் நாளில் இந்த வசனத்தையே ஏன் வாசிக்கிறோம் என்று பலர் கேட்பதுண்டு. நானும் கேட்டிருக்கிறேன்.

அடுத்த ஆண்டிலிருந்து ஆயத்தத்தின் முறையைச் சற்று மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் லெந்து என்றால் நிகழ்ச்சி அட்டவணை என்றே நாங்கள் நினைத்திருந்தோம்: புதன் மாலைகளில் சூப்பும் வேதபாடமும், வெள்ளி மாலைகளில் சிலுவைப்பாதை, சனிக்கிழமையில் தியானக் கூடுகை. எல்லாமே நல்லவைதான், ஆனால் அத்தனையும், பிப்ரவரி மாத இருட்டில் பனி வழுக்கும் சாலையில் காரோட்டி வரக்கூடியவர்களை மட்டும் மனத்தில் வைத்துத் திட்டமிடப்பட்டவை. சனிக்கிழமைக் கூடுகையை விட்டுவிடலாம் என்று நான் வெஸ்ட்ரியில் சொன்னபோது சிலருக்கு வருத்தம் இருந்தது, அதை மதிக்கிறேன். விடுபட்ட அந்த நேரத்தில், வர முடியாதவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, சாம்பலும் நற்கருணையும் வீட்டுக்கு வர விருப்பமா, எந்தப் பிற்பகல் தோதாயிருக்கும், தாளில் எழுத்தின் அளவு போதுமா என்று கேட்டோம். பட்டியலில் பதினொரு பெயர்கள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். விசாரித்தபின் பத்தொன்பது ஆயிற்று.

2021-இல் அந்தப் பட்டியலுக்குப் பொருளே இல்லாமற்போயிற்று, ஏனெனில் சபையார் அனைவரும் அதில் இருந்தார்கள். கொரோனாவால் ஆலயம் பூட்டியிருந்த அந்தப் பிப்ரவரியில், உலர்ந்த சாம்பலைச் சிட்டிகை சிட்டிகையாகச் சிறு காகித உறைகளில் இட்டு, தண்ணீர் கலக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு, மனந்திரும்புதலின் லித்தானியாவோடு வீடுகளுக்கு அனுப்பினோம். வீட்டில் தனியாக அமர்ந்து எப்படி ஆராதிப்பது என்று கேட்டு அலுவலகத்துக்கு வந்த அழைப்புகளில் சிலவற்றை, சபைகுருவின் யோசனைப்படி, அந்த மூதாட்டியிடமே அனுப்பினேன். மேசையின் எந்தப் பக்கத்தில் மெழுகுவர்த்தியை வைப்பது, பதிலுரையைத் தானே சொல்வதா அல்லது சற்று நிறுத்திவிட்டுச் சொல்வதா என்பதையெல்லாம் அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார் என்று பின்னர் பலர் என்னிடம் தெரிவித்தார்கள். அந்த ஆண்டு எங்கள் சபையில் லெந்து காலத்துக்கு ஆயத்தமாயிருந்தவர் அவர் ஒருவர்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

2024-இல் சாம்பல் புதன் மீண்டும் பிப்ரவரி 14 அன்று வந்தது. நண்பகல் ஆராதனை முடிந்ததும் சபைகுருவைக் காரில் அழைத்துக்கொண்டு, பட்டியலில் இருந்த வீடுகளுக்குச் சென்றேன். மூதாட்டியின் வீடு மூன்றாவது. தொண்ணூறைத் தாண்டிவிட்ட அவர், நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, மெழுகுவர்த்தியை ஏற்றி, மடியில் தாளை விரித்து வைத்திருந்தார். சாம்பல் இட்டபின், அந்த ஞாயிற்றுக்கான தாளை நான் கையில் கொடுத்தபோது, அப்பம் பிட்கும் பக்கத்தை முதலில் திருப்பி, விரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். புறப்படும் நேரத்தில், கதவின் மேல் செருகியிருந்த காய்ந்த குருத்தோலையை எடுத்துத் தரும்படி என்னிடம் சொன்னார். சரியான காலத்தில் பெட்டியில் சேர்க்க ஆளனுப்ப மறந்துவிட்டதாகவும், இனி அது பயன்படுமா என்றும் கேட்டார். அந்த ஆண்டுக்கான ஓலைகளை முந்தின நாளே எரித்துவிட்டிருந்தோம். அலுவலகத்துக்குத் திரும்பியதும், அலமாரியின் மேல்தட்டில் காலியாக வைத்திருந்த பெட்டியை இறக்கி, அதை உள்ளே வைத்து, மூடியின் மேல் 2025 என்று எழுதினேன்.